செராமிக் பேக்கிங் வைத்து ஒரு பக்கத்திலிருந்தே ரூட் போடுவது எப்படி

கனமான தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்க்கும் பட் ஜாயிண்டை இரண்டு பக்கமும் வெல்டிங் செய்தவர்களுக்குத் தெரியும், பாதி உழைப்பு பின்பக்கத்திலேயே போய்விடும். முன்பக்கம் முடித்து, தகட்டைப் புரட்டி, கார்பன் கம்பியால் கவ்ஜிங் அடித்துக் குடைந்து, நல்ல உலோகம் தெரிகிற வரை கிரைண்டிங் போட்டு, அப்புறம்தான் பின்பக்க ரன். புரட்ட முடியாத ஜாயிண்ட் என்றால் அத்தனையும் அண்ணாந்தபடி செய்யவேண்டும், நெருப்புத் துளி கழுத்தில் விழ விழ. சூடு தாங்கும் ஒரு பட்டையைப் பின்பக்கம் ஒட்டி, முன்பக்கத்திலிருந்தே ரூட்டை, அதாவது ஜாயிண்டின் அடியை நிரப்பும் முதல் ரன்னை, முழுசாக இறக்கிவிட்டால் இந்த வேலை அப்படியே மிச்சம்.

நான் வெல்டராக இருந்து, இப்போது வெல்டர்களைப் பழக்குகிற வேலையில் இருக்கிறேன். செராமிக் பேக்கிங்கை முதன்முதலாகக் கையில் எடுக்கிறவர்கள் எடுத்ததும் கேட்பது ஆம்பியர் எவ்வளவு என்றுதான். அதையும் சொல்கிறேன். ஆனால் இந்த ரூட்டின் தலையெழுத்து தகடுகளைப் பொருத்திவைக்கிற ஃபிட்டப்பிலும், ஆர்க் (உலோகத்தை உருக்கும் மின்பொறி) எங்கே நிற்கிறது என்பதிலும்தான் இருக்கிறது. அந்த இரண்டையும் சரியாகப் பிடித்தவர்களுக்கு மெஷின் செட்டிங் சீக்கிரம் வசப்பட்டுவிடும்.

எங்கே எந்தப் பேக்கிங்

இரும்புப் பட்டையைப் பின்னால் வைத்து, அதோடு சேர்த்தே வெல்டிங் செய்து விட்டுவிடுவது பழைய வழி. இரண்டு தகடுக்கும் நடுவே விடும் கேப் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். சிக்கல் எங்கே என்றால், பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடுக்கு கடைசிவரை இருக்கும். தண்ணீர் தங்கினால் அங்கே துரு பிடிக்கும். சுமை ஏறி இறங்குகிற இடமானால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். 1994 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் பகுதியில் நடந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு எஃகுச் சட்டகக் கட்டடங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். பீமின் கீழ் ஃபிளாஞ்ச் (அடித்தகடு) தூணோடு சேருகிற வெல்டிங்கில் நிறைய விரிசல்கள் இருந்தன. வெல்டிங் உலோகம் அதிர்ச்சியைத் தாங்காதது, ரூட்டில் ஏற்கெனவே இருந்த குறைகள் என்று பல காரணங்கள் சேர்ந்திருந்தன. விட்டுவைத்த பேக்கிங் பட்டை உண்டாக்கிய இடுக்கும் அவற்றில் ஒன்று. அதன் பிறகு, அத்தகைய இணைப்புகளில் கீழ்ப் பேக்கிங் பட்டையை எடுத்துவிட்டு, ரூட்டைச் சுத்தம் செய்து, மூலையில் ஒரு ஃபில்லட் வெல்டிங் போட்டு முடிக்கும் வழக்கம் வந்தது.

இரும்புப் பட்டைதான் வைக்கவேண்டும் என்று டிராயிங்கில் இருந்தால், ஜாயிண்டின் முழு நீளத்துக்கும் இடைவெளி இல்லாமல் வையுங்கள். துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது என்றால், முதலில் அந்தத் துண்டுகளை முழு ஆழத்துக்கு வெல்டிங் செய்து ஒரே பட்டையாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு துண்டுகளுக்கு நடுவே விட்ட பிளவு அப்படியே மேலே ஏறி மெயின் வெல்டிங்கையும் பிளந்துவிடும்.

செம்புப் பட்டை வேறு ரகம். சூட்டை வேகமாக இழுத்துக்கொள்வதால் இரும்பு அதில் ஒட்டாது, திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். மெல்லிய ஷீட்டுக்கும் மெஷின் வெல்டிங்குக்கும் நன்றாக இருக்கும். ஆனால் செம்பு 1,085 டிகிரியிலேயே உருகிவிடும். ஆர்க் நேராகச் செம்பில் பட்டால், உருகிய செம்பு எஃகின் படிக மணிகளுக்கு நடுவே புகுந்து விரிசல் விடும். கையால் ஓட்டுகிற வேலையில், அகலமான கேப்புக்குக் கீழே செம்பு வைப்பதை நான் ஏற்பதில்லை.

கண்ணாடி இழை டேப் வளைந்து கொடுக்கும். இரண்டு தகடும் ஒரே மட்டத்தில் இல்லாத இடத்தில் அதற்கென்று ஒரு பயன் உண்டு. ஃப்ளக்ஸ் தூளை (உருகிய உலோகத்தைக் காக்கும் தூள்) தொட்டியில் நிரப்பி அடியில் அழுத்திவைத்து சப்மெர்ஜ்டு ஆர்க்கில், அதாவது ஆர்க் தூளுக்குள் புதைந்து எரியும் முறையில், ஓட்டுவது பெரிய பேனல் வேலைக்கானது. இவற்றை இத்தோடு விட்டுவிட்டு செராமிக்குக்கு வருகிறேன்.

கையில் இருக்கும் பட்டை

அலுமினிய ஃபாயில் டேப்பின் நடுவே சின்னச் சின்ன செராமிக் வில்லைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். பெரும்பாலும் 600 மி.மீ. நீளத்தில் வரும். வில்லைகள் மெக்னீசியா, அலுமினா, சிலிக்கா மூன்றும் சேர்ந்த கார்டியரைட் வகை. சூட்டில் மிகக் குறைவாகத்தான் விரியும் என்பதால், ஆர்க் மேலே வந்ததும் படாரென்று வெடித்துச் சிதறாது. வில்லையின் மேல்தோல் லேசாக உருகி, ரூட்டின் அடியில் கண்ணாடி போன்ற ஸ்லாக்காக (கசடாக) படியும். அதனால்தான் ஒரு வில்லையை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. பார்க்க நன்றாக இருந்தாலும் அதன் பள்ளம் ஏற்கெனவே மாறிப்போயிருக்கும்.

அந்தப் பள்ளத்தைக் கவனியுங்கள். ரூட் பின்பக்கம் எந்த வடிவத்தில் பிதுங்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற அச்சு அது. கேப்பை விட இரண்டு பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமாக இருக்கவேண்டும். கேப் 6 என்றால் பள்ளம் 10 முதல் 12 வரை. அப்போதுதான் உருகிய உலோகம் கேப்பைத் தாண்டி, தகட்டின் அடிவிளிம்பைத் தழுவி உட்காரும். உள்ளே ஃப்ளக்ஸ் நிரப்பிய ஃப்ளக்ஸ் கோர் வயருக்குப் பள்ளம் ஆழமாக வேண்டும், ஸ்லாக் போய்ச் சேர இடம் தேவை. சாலிட் வயருக்கு ஆழம் குறைந்ததே போதும். ஃப்ளக்ஸ் பூசிய கம்பியால் கையால் செய்யும் கம்பி வெல்டிங்கில் ஸ்லாக் முன்னால் ஓடி ஓடி ஆர்க்கை மறைப்பதால், செராமிக்கோடு அது அவ்வளவு ஒத்துப்போகாது. என் அனுபவத்தில் செராமிக்குக்கு ஏற்ற ஜோடி ஃப்ளக்ஸ் கோர்தான். இனி சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

இரண்டு பக்கமும் பெவல் (சாய்வாகச் சீவிய விளிம்பு) உள்ள ஜாயிண்டுக்கும் டி ஜாயிண்டுக்கும் உருளை வில்லைகள் வருகின்றன. விட்டம் 6 முதல் 12 மி.மீ. வரை கிடைக்கும். பின்பக்க V-க்குள் கேப்பை ஒட்டி நன்றாக அமர்கிற விட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். சின்னதாக இருந்தால் கேப்புக்குள்ளேயே நுழைந்துவிடும்.

ஃபிட்டப்

கேப் 4 முதல் 8 மி.மீ. வரை ஓடும். நான் 6 வைக்கச் சொல்வேன். பேக்கிங் இல்லாத ரூட்டில் 2, 3 என்று வைத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய ஓட்டையாகத் தெரியும், கை தானாகக் குறைக்கப் பார்க்கும். குறைக்கக் கூடாது. கேப் 3-க்கு வந்துவிட்டால் ஆர்க் தகட்டின் விளிம்பிலேயே நின்றுவிடும், வில்லை வரை உலோகம் இறங்காது. ரூட் ஃபேஸ், அதாவது பெவலின் அடியில் விடும் தட்டை விளிம்பு, வேண்டியதில்லை. விளிம்பைக் கத்தி முனையாகவே விடலாம், அதிகபட்சம் 1 மி.மீ. மொத்தக் கோணம் 40 முதல் 50 டிகிரி. கோணத்தைக் குறைத்து வயர் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், ஏன் என்று விரிசல் பற்றிச் சொல்லும்போது புரியும்.

தகடுகளின் மட்ட வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருக்கட்டும். வில்லை தட்டையானது. ஒரு தகடு தாழ்ந்திருந்தால் வில்லை அதில் முட்டிக்கொண்டு, உயர்ந்த தகட்டின் அடியில் சந்து விடும். அந்தச் சந்து வழியாக உலோகம் ஓடி, பின்பக்கம் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும்.

தகடுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் சின்ன வெல்டிங்கான டேக்கை கேப்புக்குள் போடாதீர்கள். போட்ட இடத்தில் ரூட் இறங்காது. வேறு வழியில்லாமல் போட்டால், ரூட் அங்கே வந்து சேருவதற்குள் முழுசாக கிரைண்டிங் செய்து எடுத்துவிடுங்கள். தகடுகளைப் பிடித்துவைக்கப் பின்பக்கம் ஸ்ட்ராங்பேக் (ஜாயிண்டுக்குக் குறுக்கே நிற்கும் தாங்கு தகடு) போடுவதாக இருந்தால், ஜாயிண்டுக்கு நேராக அரைவட்டமாக வெட்டிவிட்டுப் போடுங்கள். பட்டை அதன் வழியாக நுழைந்து போகவேண்டும், கையும் உள்ளே போகவேண்டும்.

நீளமான ஜாயிண்டில் வெல்டிங் நகர நகர, முன்னால் உள்ள கேப் சுருங்கிக்கொண்டே வரும். ஆரம்பத்தில் 6 என்றால் முடிகிற முனையில் 1 மி.மீ. கூட்டி வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது தடிமனையும் ஸ்ட்ராங்பேக்கின் பிடியையும் பொறுத்தது.

ஒட்டுவது

இந்த வேலையை ஹெல்பரிடம் கொடுத்துவிட்டு வெல்டர் வேறு பக்கம் போய்விடுவதை அடிக்கடி பார்க்கிறேன். எனக்கு இது பிடிப்பதில்லை. ரூட் போடப் போகிறவர்தான் ஒட்டவேண்டும், இல்லையென்றால் ஒட்டும்போது பக்கத்தில் நிற்கவாவது வேண்டும்.

பின்பக்கம் கேப்பின் இரு புறமும் 50 மி.மீ. அகலத்துக்குத் துரு, பிரைமர், எண்ணெய் எல்லாம் போகவேண்டும். குறுக்கே பழைய வெல்டிங் ஓடினால் அதன் மேடு தகட்டின் மட்டத்துக்குத் தேய்ந்திருக்கவேண்டும். காலையில் இரும்பு குளிர்ந்து பனித்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கேஸ் டார்ச்சால் மிதமாகச் சூடு காட்டி, இரும்பு உலர்ந்து கை பொறுக்கிற சூட்டுக்கு இறங்கியதும் ஒட்டினால் பசை இறுக்கமாகப் பிடிக்கும். பட்டைகளையும் பெட்டியைத் திறந்துபோட்டு வைக்காதீர்கள். ஈரம் ஏறிய வில்லை ரூட்டில் காற்றோட்டைகளைத் தரும்.

காகிதத்தை முழுசாக உரிக்காமல் ஒரு சாண் உரித்து, பள்ளத்தின் நடுக்கோட்டைக் கேப்பின் நடுவில் வைத்து, முனையைப் பிடித்துக்கொண்டு மீதியை உரித்தபடியே போங்கள். முதலில் வில்லையைத் தகட்டோடு அழுத்தி, அப்புறம் வில்லையின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கட்டை விரலால் ஃபாயிலைத் தேய்க்கவேண்டும். ஃபாயிலில் சுருக்கம் இருந்தால் அந்த இடம் சூட்டில் விடும். அடுத்த பட்டையை ஆரம்பிக்கும்போது வில்லையும் வில்லையும் முட்டி நிற்கவேண்டும். நடுவே நகம் நுழைகிற இடைவெளி இருந்தாலும் அங்கே ரூட்டில் குறுக்காக ஒரு வரப்பு வரும்.

ஒட்டி முடித்ததும் முன்பக்கம் வந்து, டார்ச் லைட்டைக் கேப்புக்குள் அடித்துப் பாருங்கள். இரண்டு விளிம்புக்கும் அடியில் பள்ளம் சமமாக ஓடுகிறதா? ஒரு பக்கம் இருளாகவும் மறுபக்கம் வெள்ளையாகவும் தெரிந்தால் பட்டை நகர்ந்திருக்கிறது. பிரித்து மறுபடி ஒட்டுங்கள். ரூட் போட்ட பிறகு நடுவில் வராத பீடை (உறைந்த வெல்டிங் வரியை) சரிசெய்வதை விட இது எவ்வளவோ சுலபம்.

பிரீஹீட் (வெல்டிங்குக்கு முன் தகட்டைச் சூடாக்குவது) உள்ள வேலையில் பசையை நம்பக்கூடாது. அது எவ்வளவு சூடு தாங்கும் என்று தயாரிப்பாளரின் தாளில் பாருங்கள். அதற்கு மேல் போகிற வேலை என்றால் காந்தப் பிடிப்பானோ, ஆப்பு வைத்த இரும்புச் சட்டமோ கொண்டு பட்டையைப் பின்னாலிருந்து தாங்கவேண்டும்.

ஆர்க் எங்கே நிற்கவேண்டும்

1.2 மி.மீ. ஃப்ளக்ஸ் கோர் வயர், கார்பன் டை ஆக்சைடு, தகடு தரையில் படுத்திருக்கிற நிலை என்றால் 180 முதல் 200 ஆம்பியர், 24 முதல் 26 வோல்ட் வைத்து ஆரம்பியுங்கள். வெல்டிங் கன்னுக்கு வெளியே நிற்கும் வயர் நீட்டம் 15 முதல் 20 மி.மீ. கன் கிட்டத்தட்ட நேராக, ஓடுகிற திசையில் அஞ்சு பத்து டிகிரி சாய்ந்து இழுத்துப் போகட்டும். அங்கிருந்து உங்கள் மெஷினுக்கும் கைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், வெல்டிங் புரொசீஜர் தாளில் உள்ள வரம்பைத் தாண்டாமல்.

செராமிக்கில் மின்சாரம் பாயாது. கேப்பின் நடுவே வயரை இறக்கினால் ஆர்க் பிடிக்காது, வயர் வளைந்து சுருளும். அதனால் ஒரு பெவல் ஓரத்தில் ஆர்க்கைப் பிடித்து, உருகிய உலோகக் குட்டை உருவானதும் எதிர் ஓரத்துக்குப் பாலம் போட்டு, இரண்டும் சேர்ந்த பிறகு நகருங்கள். முனையில் ஜாயிண்டுக்கு வெளியே நீளும் ரன்-ஆன் துண்டு வைத்து அங்கிருந்து தொடங்கினால் இந்தத் தடுமாற்றம் எல்லாம் அந்தத் துண்டோடு போய்விடும்.

இனி முக்கியமான விஷயம். ஆர்க் எப்போதும் உருகிய குட்டையின் முன்விளிம்பை ஒட்டி, குட்டையின் மேல் நிற்கவேண்டும். முன்னால் தாவி வில்லையில் விழுந்தால் ஆர்க் பட்பட்டென்று வெட்டும், வில்லை குடையும், காற்றோட்டை விழும். பின்னால் தங்கிவிட்டால் குட்டை ஆர்க்கை முந்திக்கொண்டு வில்லையின் மேல் வழிந்து ஓடும். அந்த உலோகத்துக்குத் தகட்டின் விளிம்பை உருக்கத் தெம்பு இருக்காது, சும்மா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். முன்பக்கத்திலிருந்து எல்லாம் நிரம்பின மாதிரித் தெரியும். வில்லையை எடுத்தால் ரூட்டின் இரு ஓரமும் பிளேடால் கீறிய மாதிரி கோடு இருக்கும்.

கண்ணாடிக்குள்ளே பார்க்கவேண்டியது குட்டையின் முகப்பை. அரைவட்டமாக, இரண்டு முனையும் இரண்டு விளிம்பையும் கடித்துக்கொண்டு முன்னேற வேண்டும். ஒரு பக்கம் கடிக்காமல் வழுக்கினால் கையை அந்தப் பக்கம் ஒரு கணம் தாமதப்படுத்துங்கள். வீச்சு சின்னதாக, ஓரத்திலிருந்து ஓரம். சத்தமும் உதவும்: குட்டை மேல் நிற்கிற ஆர்க் ஒரே சீராக இரையும், வில்லைக்குத் தாவினால் உடனே விட்டு விட்டுக் கேட்கும். பழகுகிறவர்களை முதலில் காதால் பிடிக்கச் சொல்வேன், கண் மெதுவாகத்தான் பழகும்.

செங்குத்தாக ஏறும்போது 150 முதல் 170 ஆம்பியர் போதும். நடுவை வேகமாகக் கடந்து ஓரங்களில் நில்லுங்கள். கிடைமட்டத்தில் உலோகம் கீழே சரியும், மேல் விளிம்பில் அண்டர்கட் (ஓரத்தை அரித்த பள்ளம்) விழும். அதற்குக் கீழ்த் தகட்டின் பெவலைக் குறைத்து, மேல் தகட்டில் அதிகமாக வைப்பார்கள்.

நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கும் இடம்

இந்த ரூட்டில் குறை அதிகமாக ஒளிந்திருக்கும் இடம் இதுதான். நிறுத்தும்போது நடுவில் டிரிக்கரை விட்டால் குட்டை சுருங்கி, ரன் முடிகிற குழியான கிரேட்டரில் குழாய் மாதிரி ஒரு துளை வில்லை வரைக்கும் போகும். நிறுத்துவதற்கு முன் ஆர்க்கைப் பின்னால் எடுத்து, பெவல் சுவரில் ஏற்றி விடுங்கள். அப்புறம் ஸ்லாக்கைத் தட்டி, கிரைண்டரால் அந்த முனையை 15, 20 மி.மீ. நீளத்துக்குச் சரிவாகத் தேய்த்து, நுனி காகிதம் மாதிரி மெலியும் வரை இறக்கவேண்டும். கிரேட்டர் துளை கொஞ்சமும் மிச்சம் இருக்கக் கூடாது. தேய்க்கும்போது டிஸ்க் வில்லையைத் தொட்டு உடைக்காமல் பாருங்கள்; உடைந்தால் மாற்றுங்கள்.

மறுபடி ஆரம்பிப்பது சரிவின் மேல் முனையில். ஆர்க்கைப் பிடித்துச் சரிவு வழியே இறங்கி வாருங்கள். மெலிந்த நுனியை எட்டியதும் அவசரப்படாமல் நில்லுங்கள். நுனி கரைந்து, குட்டை ஒரு நொடி தொய்ந்து, பள்ளத்தில் போய் உட்காருவது தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் முன்னால் நகர வேண்டும்.

நடு விரிசல்

பயிற்சியில் ஒரு பையன் வேகமாக முடிக்க 240 ஆம்பியரில் விரட்டினான். மேலே பளபளவென்று, பின்னாலும் அழகான பீடு. அந்தத் தகட்டைக் குறுக்கே அறுத்து, எமரி போட்டுத் தேய்த்து, அமிலம் தடவிக் காட்டினேன். பீடின் நட்ட நடுவில் மேலும் கீழுமாக நூல் போல ஒரு கறுப்புக் கோடு. இரண்டு சுவரிலிருந்தும் உறைந்து வரும் உலோகம் கடைசியாக நடுவில் சந்திக்கிறது. கந்தகம், பாஸ்பரஸ் போன்ற அசுத்தங்கள் ஒதுங்கி, சீக்கிரம் உறையாத நீர்மமாக அங்கேதான் சேரும். அந்த நேரத்தில் சுருக்கம் இரண்டு பக்கமும் இழுத்தால் பிரிந்துவிடும். ஆம்பியர் கூடக் கூட, வேகம் கூடக் கூட, பீடு அகலத்தை விட ஆழமாக ஆக ஆக இந்த ஆபத்து அதிகம். கேப்பையும் கோணத்தையும் குறைக்காதீர்கள் என்று மேலே சொன்னது இதனால்தான். ரூட்டில் ஆம்பியரை இறக்குங்கள், வேகத்தைக் குறையுங்கள், வேகமாக நிரப்புவதை மேல் பாஸ்களில் (அடுக்குகளில்) வைத்துக்கொள்ளுங்கள். நீள ஜாயிண்டின் கடைசி முனை தனியாகத் திறந்துகொள்ளப் பார்க்கும். அங்கே கெட்டியான ரன்-ஆஃப் துண்டை நன்றாகப் பிடித்து வெல்டிங் செய்து வையுங்கள்.

தகுதிச் சான்றிதழையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 9606-1 தரத்தில், பேக்கிங் வைத்துத் தேறியவருக்குப் பேக்கிங் இல்லாத ரூட்டைப் போடத் தகுதி வராது. பேக்கிங் இல்லாமல் தேறியவர் பேக்கிங்கோடும் போடலாம்.

கழற்றுவது

நான் இரண்டாவது பாஸ் முடிகிற வரை பட்டையை எடுக்க விடமாட்டேன். ரூட் மெலிதாக இருக்கும் இடத்தில் அந்தப் பாஸ் பொத்துக்கொண்டு போனால் வில்லை தாங்கிக்கொள்ளும். அப்புறம் ஃபாயிலை ஓரத்திலிருந்து உரித்து, வில்லைகளை லேசாகத் தட்டினால் உதிர்ந்துவிடும். இரும்பு ஆறின பிறகும் செராமிக் சூடாகவே இருக்கும், வெறுங்கையால் எடுக்காதீர்கள். கண்ணாடி ஸ்லாக் ஊசி ஊசியாகத் தெறிக்கும், கண்ணுக்குக் காப்பு கட்டாயம். பசை எரிகிற புகையும் வில்லைத் தூளும் நுரையீரலுக்கு ஆகாது. தொட்டி மாதிரி அடைபட்ட இடத்தில் காற்று இழுக்கும் ஃபேன் இல்லாமல் இறங்க வேண்டாம்.

நல்ல ரூட் 1 முதல் 3 மி.மீ. உயரத்தில், இரண்டு ஓரமும் தகட்டோடு சறுக்கிச் சேரும். குறுக்கே வரப்புகள் தெரிந்தால் வில்லைகள் சரியாக முட்டவில்லை. பீடு ஒரு பக்கம் ஒதுங்கினால் பட்டை நகர்ந்திருக்கிறது. இரண்டு ஓரமும் கோடு விழுந்தால் ஆர்க் பின்தங்கியிருக்கிறது. புள்ளி புள்ளியாக ஓட்டைகள் என்றால் ஈரமோ பிரைமரோ காரணம். பசை எச்சத்தைத் துடைத்தெடுத்துவிட்டு, விரிசலைக் காட்டும் சாயமான டை பெனிட்ரண்ட் போடுங்கள், மறு ஆரம்ப இடங்களில் கூடுதல் கவனத்தோடு. குறை தெரிந்து, பின்பக்கம் கை எட்டுமானால் அங்கேயே தேய்த்து ஒரு சின்ன ரன்னில் முடிக்கலாம். எட்டாவிட்டால் முன்பக்கத்திலிருந்து அந்த நீளத்தை முழுசாக வெட்டி, கேப்பை மறுபடி 6-க்குத் திறந்து, இரு முனையிலும் சரிவு வைத்துத் தேய்க்கவேண்டும். புதுப் பட்டையிலிருந்து வெட்டின நீளத்தை விட இரு பக்கமும் ஒரு வில்லை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ரூட்டின் மேடு அந்த வில்லைகளின் பள்ளத்துக்குள் அடங்கவேண்டும். அடங்காவிட்டால் மேட்டைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டு ஒட்டுங்கள்.